கூடை

கிணற்றின் ஒரு பக்கம் சரிந்து, உள்ளே தூர் வாரிக்கொண்டிருந்த மாசிலாமணி இடுப்புவரை மண்ணில் புதைந்துவிட்டான். தன்னைச் சுற்றியிருந்த மண்ணை அவனே கையால் அள்ளிக் கூடையில் போட, மேலே அவன் மனைவி வேம்பரசியோடு ஏழு பேர் வடம் பிடித்து இழுத்துக் கொட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து மைதானத்தில் நடந்த அரசு விழாவின் ஒலிபெருக்கி குத்துப்பாட்டை நிறுத்திவிட்டு, இலவச கிரைண்டருக்கு டோக்கன் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தது.

"எண்பத்தொன்று!"

ஒருவர் வடத்தை விட்டார். அடுத்த எண்ணுக்கு இன்னொருவர். கடைசியில் பக்கத்து வீட்டுச் செங்கோடன் மட்டும் மிஞ்சினான். நிறைந்த கூடை பாதிக் கிணற்றில் தொங்கியது.

"எண்பத்தேழு, செங்கோடன்!"

"போயிராத தம்பி, அவரு தலைக்கு நேரா தொங்குது."

"அமைச்சர் கையால நேர்ல வாங்கணுமாம்க்கா. இல்லாட்டி அடுத்தவனுக்குக் குடுத்துருவானுங்க. இந்தா, ஓடியாந்துர்றேன்." வடத்தை அவள் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடினான்.

"என்ன புள்ள, கூடை நின்னுபோச்சு?" என்றான் மாசிலாமணி கீழேயிருந்து. "மேல ஆளு இருக்கா?"

மைதானத்தில் கைதட்டல் ஓயவில்லை.

"எல்லாரும் இருக்காங்க. சத்தம் கேக்கலையா?" என்றாள் வேம்பரசி. அவள் குதிகால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நகர்ந்தன.