கடைசி வளைவில் குழி

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற விஷயம் இல்லை.

ஒரு தையல்காரர். வாரம் தவறாம குதிரைப் பந்தயத்துக்குப் போவார், வாரம் தவறாம தோத்துட்டு வருவார். தோத்ததும், "நூலிழையில போச்சு"ம்பார். அதனால கேலரியில அவருக்குப் பேரே நூலிழை.

அந்த வாரம் அவர் மனைவியும் கூடவே கிளம்பிட்டாங்க.

"நீ எதுக்கு? வெயில்ல நிக்கணும்."

"மெஷினுக்கு மோட்டார் வாங்க வச்சிருந்த பணம் எந்தக் குதிரை வாயில போகுதுன்னு நானும் பாக்கணும். துணியை ரெண்டு தடவை அளந்து வெட்டுற மனுஷன், பணத்தை மட்டும் அளக்காம வெட்டுறீங்களே."

பந்தயம் ஆரம்பிச்சது. நூலிழை பணம் கட்டின குதிரை, உள்பக்க வேலியை ஒட்டி முதல்ல பறக்குது.

"பாத்தியா, பாத்தியா?"

"பாக்குறேன். அதுக்கு எதுக்கு என் கையைப் பிசையறீங்க?"

கடைசி வளைவு வந்துச்சு. அங்கேதான் அந்தக் கூத்து. முதல்ல ஓடின குதிரை வேலியை விட்டு வெளிப்பக்கமா விலகிச்சு. பின்னால வந்ததும் விலகிச்சு. அதுக்குப் பின்னால வந்ததும் அப்படியே. எல்லாம் சொல்லி வச்ச மாதிரி அந்த இடத்தைச் சுத்திக்கிட்டுப் போச்சுங்க. ஏற்கெனவே வெளிப்பக்கமா ஓடிக்கிட்டிருந்த ஒரு குதிரை, அலுங்காம குலுங்காம வந்து ஜெயிச்சிடுச்சு.

"நூலிழையில..."ன்னு ஆரம்பிச்ச மனுஷன் பாதியில நிறுத்தினார். "இல்லை. இது திருட்டுத்தனம். பேசி வச்சு வளைஞ்சிருக்கானுங்க."

கேலரி மொத்தமும் எழுந்து நின்னு கத்திச்சு. பந்தய அதிகாரி ஓடி வந்தார். குதிரை ஓட்டின ஜாக்கிகளை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு விசாரிச்சார்.

"அங்கே குழி இருக்கு சார். குதிரை கால் மாட்டினா குதிரையும் போச்சு, நாங்களும் போச்சு"ன்னாங்க எல்லாரும், ஒரே குரல்ல.

"காலு உடையுமாம். இங்கே எங்க பொழப்பு உடைஞ்சு கிடக்கு, அதை யாரு கேக்குறது?" நூலிழை வேலி மேலேயே ஏறிட்டார்.

அதிகாரி கையைத் தூக்கினார். "சரி, உங்கள்ல ஒருத்தர் என்கூட வந்து பாருங்க. குழி இல்லேன்னா பந்தயம் ரத்து. எல்லார் பணமும் திரும்ப வரும், ஜாக்கிகளுக்குத் தடை. குழி இருந்தா, முடிவு முடிவுதான்."

"அண்ணனை அனுப்புங்கப்பா. ஊசியில நூல் கோக்குற கண்ணு"ன்னு ஒருத்தன் தள்ளி விட்டான்.

மனைவி மெதுவா சொன்னாங்க, "போய் மோட்டாரோட வாங்க."

ரெண்டு பேரும் வளைவு வரைக்கும் நடந்தாங்க. தூரத்துல இருந்து பாத்தா, நூலிழை குனியறது தெரிஞ்சுது. சட்டுனு ரெண்டடி பின்னால நகர்ந்தார். அப்புறம் கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து என்னமோ அளந்தார். அதிகாரி தலையைச் சொறிஞ்சார்.

திரும்பி வரும்போது மனுஷன் முகம் தொங்கிப் போயிருந்துச்சு.

"குழிதான்பா."

"நல்லாப் பாத்தியாண்ணே?"

"கையை விட்டே பாத்தேன். முழங்கை வரைக்கும் போகுது. கால் மாட்டினா முறிஞ்சிடும். பாவம், பசங்க மேல தப்பில்லை."

கூட்டம் உச்சுக் கொட்டிச்சு. நூலிழையே சொன்னப்புறம் யாரு என்ன பேசறது? அதிகாரி ஆள் விட்டு, அந்த இடத்துல மட்டும் வேலியை வெளியே தள்ளிப் போட வச்சார். மிச்சப் பந்தயம் அதுக்கு இந்தப் பக்கமா ஒழுங்கா நடந்து முடிஞ்சுது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாங்க. "முழங்கை வரைக்கும் விட்டேன்னீங்க. சட்டைக் கையில ஒரு பொட்டு மண்ணு இல்லையே?"

"உதறிட்டேன்."

"நகத்தையுமா உதறினீங்க?"

நூலிழை முன்னும் பின்னும் பாத்தார். யாரும் இல்லை.

"குழி இல்லை."

"தெரியும். மேல சொல்லுங்க."

"ஆள்காட்டிக் குருவி. வெறுந்தரையில நாலு முட்டை. நான் குனியறேன், அது பறக்கலை. றெக்கையை விரிச்சுக்கிட்டு என் எதிர்ல நிக்குது, இத்தனூண்டு. குதிரைக் கூட்டம் வந்தப்பவும் அப்படித்தான் நின்னிருக்கும்."

"அதிகாரி பாக்கலையா?"

"'எனக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது, என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க'ன்னார். கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கு."

மனைவிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?"

"அந்தக் கூட்டத்துக்கிட்டயா? ஓடிப் போய் ஆளுக்கொரு ஆம்லெட் போட்டிருப்பானுங்க."

"அப்போ ஜாக்கிங்க பேசி வச்சுத்தான் வளைஞ்சிருக்காங்க."

"பின்னே? காலையில பயிற்சிக்கு வந்தப்பவே பாத்துட்டு, பேசி வச்சிருக்கானுங்க, திருட்டுப் பசங்க." பெத்த பிள்ளைங்களைச் சொல்ற மாதிரி சொன்னார்.

"மோட்டார் போச்சு."

"போச்சு."

அந்தம்மா விறுவிறுன்னு முன்னால நடந்தாங்க. கோபம்னு நினைச்சு அவர் பத்தடி தள்ளியே பின்னால போனார்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தப்போ, மெஷின் அவருக்கு முந்தியே ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தம்மா சிவப்புத் துணியில மூணு கொடி தைச்சு மடிச்சு வச்சுட்டு, நாலாவது கொடியில வெள்ளை எழுத்துகளை வச்சு ரெட்டைத் தையல் போட்டுக்கிட்டிருந்தாங்க: 'ஆழமான குழி. கிட்டே வராதீர்கள்.'