வன்னியபெருமாள் போட்ட சுபம்

“செத்தவனைப் பாக்கவா துட்டு குடுத்து டிக்கெட் எடுக்கே? ஒனக்கு வேற சோலி இல்லையா?”

“அதுக்குத்தான் அண்ணாச்சி வாரேன். நீங்கதான் அவனக் காட்ட மாட்டேங்கிய.”

மேட்னிக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. தியேட்டர் முதலாளி வன்னியபெருமாள் டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்கு அருகே நாற்காலியைப் போட்டு, பனையோலை விசிறியால் வயிற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தார். எதிரே கிளாடிஸ் வழியை மறித்தாற்போல நின்றாள்.

கை நிறைய வளையல். தலை நிறையப் பிச்சிப்பூ. துக்கப் படம் கேட்டு வந்தவள், கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவளைப் போல இருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணமே இவள்தான்.

படம் வந்த புதிதில் கிளாடிஸ் தினமும் மேட்னிக்கு வந்தாள். பெண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சு. கடைசி ரீலில் கதாநாயகனின் பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். கிளாடிஸ் ஒரு குரல் எடுப்பாள். அவ்வளவுதான், உப்பளத்துப் பெண்கள், மீன் விற்கிற பெண்கள், வக்கீல் வீட்டம்மா எல்லோரும் பின்பாட்டுப் பாடுவார்கள். படம் முடிந்து போடுகிற தேசிய கீதத்துக்கு விறைப்பாக எழுந்து நின்றுகொண்டும் அழுதார்கள்.

வன்னியபெருமாள் இளகிய மனசுக்காரர். அழுது வீங்கிய முகத்தோடு வெளியே போகிறவர்கள் முறுக்கு வாங்குவதில்லை என்பதை அவர் மனசு உடனே கண்டுகொண்டது. தியேட்டர் கட்டுவதற்கு முன் கருப்பட்டி வியாபாரம் பண்ணியவர். சனங்களுக்கு எது வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உலகத்துத் துக்கத்தை ஒழிக்கப் புறப்பட்ட மகான்கள் காடு மலை என்று அலைந்திருக்கிறார்கள். வன்னியபெருமாளுக்கு ஒரு தகரப்பெட்டியும் ஒரு திண்டுக்கல் பூட்டும் போதுமாக இருந்தன. கடைசி ரீலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதற்கு முந்தின ரீலின் முடிவில், கதாநாயகன் பிழைப்புக்காகப் பம்பாய்க்கு ரயில் ஏறுகிறான். சன்னல் வழியே பெண்டாட்டிக்குக் கை காட்டுகிறான். ரயில் போகிறது.

அங்கேயே நிறுத்திவிட்டார். பல்பொடி விளம்பரத்துக்குக் கண்ணாடி ஸ்லைடு எழுதுகிற பெயிண்டரைக் கூப்பிட்டு, இரண்டு கிளியும் ஒரு தாமரையும் போட்டு, நடுவில் ‘சுபம்’ என்று எழுதி வாங்கினார்.

அன்றிலிருந்து அவர் தியேட்டரில் யாரும் சாகவில்லை.

பெண்கள் பக்கம் மட்டும் நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டு வந்தது. வெயில் அதிகம் என்று நினைத்தார். சந்தோஷம் புதுச்செருப்பு மாதிரி, கொஞ்ச நாள் கடிக்கத்தான் செய்யும், பிறகு பழகிவிடும் என்றும் நினைத்தார்.

இன்றைக்கு இவள் வந்து பிணம் கேட்கிறாள்.

“ஏம்மா, சிரிக்கதுக்கு வழி பண்ணிக் குடுத்தா கோவப்படுதியே! அழணும்னா வீட்டுல ஒக்காந்து அழ வேண்டியதுதான? டிக்கெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“வீட்டுல அழ முடியாது அண்ணாச்சி.”

“ஏன், அழுகைக்கும் கவர்மெண்டுல வரி போட்டுட்டானா?”

தன் நகைச்சுவை வன்னியபெருமாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். படம் ஓட்டுகிற ஆபரேட்டர் பர்னபாஸ் எதற்கும் சிரிக்கிறவன். படி இறங்கி வந்த அவனைப் பார்த்து, நீயும் சிரி என்பதுபோல விசிறியை ஆட்டினார்.

பர்னபாஸ் சிரிக்கவில்லை. அவனும் கிளாடிஸ் தெருக்காரன்தான்.

“இவ மாப்பிள்ளை போன தோணி கொழும்புக்குப் போய்ச் சேரல மொதலாளி,” என்றான் தணிந்த குரலில். “ஐப்பசிப் புயலுக்கு முந்தி போனது. ஒரு பலகைகூட ஒதுங்கல.”

விசிறி நின்றது.

“அதுக்கு... வீட்டுல அழுதா என்ன?”

“அழுதா அவன் செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரில்லா? ஒடம்பு கரைக்கு வார வரைக்கும் எங்க பக்கத்துல யாரும் அழ மாட்டாவ. மாமியா விட மாட்டா. தெனமும் அவதான் இவளுக்குப் பூ வச்சு விடுதா. மகனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கா.”

வன்னியபெருமாள் அந்தப் பிச்சிப்பூவைப் பார்த்தார். பிறகு வளையலைப் பார்த்தார். பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ஓடுகிற படத்தின் போஸ்டரைப் பார்த்தார். அதில் கதாநாயகன் நன்றாக, உயிரோடு, சிரித்துக்கொண்டிருந்தான்.

“மாமியாகிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு வாரேன் அண்ணாச்சி,” என்றாள் கிளாடிஸ். குரலில் அழுகை இல்லை. ஏதோ ரேசன் கடையில் அரிசி நிறுவை குறைந்ததைக் கேட்பவளைப் போலத்தான் பேசினாள். “அவன் ரயில் ஏறுதான். கையக் காட்டுதான். போயிருதான். ஒடனே நீங்க சுபம்னு போட்டுருதிய. எங்க வீட்டுலயும் அப்படித்தான் போட்டு வச்சிருக்காவ.”

மணி அடித்தது. உள்ளே ஒவ்வொரு விளக்காக அணைந்தது. பர்னபாஸ் மேலே போகாமல், முதலாளியின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒருக்க மட்டும், அவனைக் கொண்டாந்து வீட்டுல கெடத்துங்க அண்ணாச்சி.”