செவந்தியின் பிடிவாதம்

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஊசி குத்துனா உசுரு ஒண்ணும் போயிராது. எந்திரிங்க, கூப்புடுறாங்க."

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்த நாகராசு கண்ணைத் திறந்தான். நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த லாரியை விட்டு விடிகாலையில்தான் இறங்கியிருந்தான். குளித்ததும் படுக்கப் போனவனைச் செவந்தி விடவில்லை. திருமயத்தில் பஸ் ஏற்றி இங்கே கூட்டி வந்துவிட்டாள்.

"நாளைக்கு வந்தா ஆகாதா புள்ள?"

"நாளைக்கு நீங்க லோடுக்குப் போயிருவீங்க."

ரத்தம் எடுத்த பிறகு ஆலோசகரின் அறைக்கு அனுப்பினார்கள். ஜெபக்குமார் அந்த வாரம்தான் அங்கே மாற்றலாகி வந்திருந்தார். எச்.ஐ.வி. பற்றி அதே பேச்சை நான்கு லாரி டிரைவர்களிடம் பேசி அலுத்திருந்தார். எத்தனை நாள் வெளியூரில் தங்குகிறான், வேறு பெண்களோடு பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"அப்படி எதுவும் இல்லைங்க."

எல்லாரும் சொல்கிற பதில்தான். ஜெபக்குமார் நம்பவில்லை. ஆணுறை இல்லாமல் எந்த உறவும் கூடாது, சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டுச் செவந்தியைக் காட்டினார்.

"வீட்டுல இருக்கிற இவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

செவந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். நாகராசு அவள் கையை அழுத்தினான்.

"சரிங்க சார், கவனமா இருந்துக்கிறேன்."

முடிவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாகராசு மறுபடியும் தூங்கினான். அவன் வாங்கிக் கொடுத்திருந்த டீயைக் குடிக்காமல், உள்ளேயிருந்து வருகிற ஒவ்வொருவர் கையிலிருந்த முடிவுச் சீட்டையும் செவந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பக் கூப்பிட்டபோது ஜெபக்குமாரே கதவைச் சாத்தினார். நாகராசுக்குத் தொற்று இல்லை என்றார். செவந்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ஜெபக்குமாருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாகராசிடம் திரும்பினார்.

"இப்படி ஒரு சம்சாரம் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். வெளியிலேருந்து எதையாவது கொண்டாந்து இவங்களுக்குக் குடுத்துராதீங்க."

நாகராசு அதற்கும் தலையாட்டினான். செவந்திதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவரு எதையும் கொண்டாரலைங்க சார். ஒருநாள் விடாம மாத்திரை போடுறேன். இவருக்குத் தொத்தாதுன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்குது" என்றவள், கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "பொறந்ததுலேருந்தே எனக்கு இது இருக்குங்க. தெரிஞ்சுதான் இவரு எனக்குத் தாலி கட்டுனாரு."