முதல் நாள் ரத்தம்

காய்ச்சலின் முதல் நாளிலேயே டெங்குவைக் காட்டாவிட்டால், ஆய்வகத்தில் அந்த இரண்டு பெண்களும் செய்த கையளவுக் கருவியை மூட்டை கட்ட வேண்டியதுதான். மூத்தவள், உறைபெட்டியிலிருந்த, காய்ச்சலின் முதல் நாளில் எடுத்த பழைய ரத்தக் குப்பியைத் திறந்து, ஒரு சொட்டைக் கருவியின் மின்முனையில் விட்டாள்.

திரையில் ‘டெங்கு’ என்று வந்தது.

“அக்கா! ஜெயிச்சிட்டோம்!” என்று துள்ளினாள், புதிதாகச் சேர்ந்தவள். “பழைய முறையில இதே ரத்தத்துக்கு ஒண்ணுமில்லைனுதானே வந்துச்சு?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் உம்முனு இருக்கீங்க? பல்லு தெரியச் சிரிங்கக்கா. யாரோட ரத்தம் இது?”

“ஆறு வயசுப் பையன். பொழைக்கல.”

“ஐயோ! அன்னைக்கே இந்தக் கருவி இருந்திருந்தா பொழைச்சிருப்பானே? அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா, தாங்க மாட்டாங்க.”

“தெரிஞ்சிருச்சும்மா” என்று சொல்லி, குப்பியை மூடி உறைபெட்டியில் வைத்தாள், அவனைப் பெற்றவள்.