கஞ்சித் தட்டு

அழுகிய வாழைப்பழத்திலிருந்து வேலம்மாள் பிரித்தெடுத்து வளர்த்த பாக்டீரியா, தறித்துணியின் கஞ்சியைக் கரைக்கும். அதே பாக்டீரியாவுக்கு ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. அனுமதியில்லாமல் அது வளரும் இடத்தையெல்லாம் அமிலம் ஊற்றி அழிக்கலாம் என்று சட்டமும் வந்துவிட்டது.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வந்த கம்பெனி அதிகாரி தேவசகாயம், அங்கே அவள் அதை வளர்த்து விற்ற பானைகளைத் தூக்கிப் போட்டு உடைத்தார். புளித்த கூழ் அவர் முழங்கை வரை தெறித்தது.

“எங்க சொத்தைத் திருடி வளர்க்கிறியா?”

“பழம் அழுகினா தானா வர்றதுங்க சார். இங்க எல்லார் கையிலயும் இருக்கும், பாருங்க!” அவர் வைத்திருந்த சோதனைத் தட்டின் கஞ்சிப் பரப்பில் ஆத்திரத்தோடு தன் ஐந்து விரல்களையும் அழுத்தினாள்.

சற்றுப் பொறுத்து அவர் அயோடின் ஊற்றினார். தட்டு கருநீலமானது. பாக்டீரியா கஞ்சியைத் தின்ற இடம் மட்டும் வெளுத்திருந்தது, ஐந்து விரல்களாக.

“நீயே காட்டிக் கொடுத்துட்டியேம்மா.”

அவரோடு வந்த கம்பெனி ஆட்கள், கொண்டுவந்திருந்த அமில வாளிக்குள் அவள் கையை அமுக்கினார்கள். வெங்காய மண்டி வரை அலறல் கேட்டது. வெளியே எடுத்தபோது தோல் வெந்து உரிந்திருந்தது.

மூட்டைகளைப் போட்டுவிட்டுச் சுமைக்காரர்கள் ஓடிவந்தார்கள். வேலம்மாளின் கணவன் மாசிலாமணி அதிகாரியின் சட்டையைப் பிடித்தான். இன்னொரு தட்டில் அவர் உள்ளங்கையை முழுதாக அழுத்தினான்.

“விடுடா! நான் பானையைச் சும்மா தொட்டதுதான்!”

“அவளும் தொட்டதுதாங்க சார்.”

எல்லோரும் காத்திருந்தார்கள். மாசிலாமணி அயோடினை ஊற்றினான். கருநீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கை தெரிந்தது.

வாளியில் இன்னும் பாதி அமிலம் இருந்தது.