புது நம்பர்

தெரியாத நம்பர் என்று பார்த்தும் லோகேஸ்வரி பாய்ந்து எடுத்தாள்.

"வணக்கம் அம்மா, இன்சூரன்ஸ் விஷயமா..."

"வேணாம்மா."

கோபித்துக்கொண்டு கிள்ளான் நகரத்து வீட்டை விட்டுப் போன மகள் தாமரை, நம்பரையும் மாற்றிவிட்டாள். கூப்பிட்டால் புது நம்பரில்தான் கூப்பிடுவாள். அதனால் எந்த அழைப்பையும் விட மனம் வரவில்லை. இந்த விளம்பரக்காரர்களோ தேனொழுக "அம்மா" என்றே ஆரம்பிக்கிறார்கள். திட்டலாம் என்று திரும்பக் கூப்பிட்டால் லைன் போவதில்லை.

புகார் கொடுத்துப் பார்த்தாள்.

"சட்டம் இருக்கு ஆன்டி, பல்லுதான் இல்ல லா," என்றார் அதிகாரி. "ஒரு நம்பரை அடைச்சா இன்னொண்ணுல வருவாங்க. தெரியாத நம்பரை எடுக்காதீங்க."

"எடுக்காம இருக்க முடியாதே தம்பி."

"அப்போ நல்லா ஏசுங்க. வேற வழி இல்ல."

மத்தியானம் சமையலுக்கு நடுவே போன் மறுபடி மறுபடி அடித்தது. கடைசியாக ஒரு மூக்கடைத்த குரல் "வணக்கம், அம்மா..." என்று இழுத்ததும் பொறுமை போய்விட்டது.

"வெக்கமா இல்ல? இதுக்குத்தான் உங்கம்மா உன்னைப் பெத்து வளர்த்தாளா? இனிமே இங்க கூப்பிடாத," என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தாமரையின் தோழி சிந்து வந்தாள்.

"தாமரைக்கு செராஸ்ல வேலை கெடச்சிருக்கு ஆன்டி. போன்ல இன்சூரன்ஸ் விக்கணும். பார்க்காத ஆளையெல்லாம் அம்மான்னு கூப்பிடுற வேலை."

சொல்லத் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"இன்னைக்குதான் மனசைத் தேத்திக்கிட்டு, சொந்த அம்மாவைக் கூப்பிட்டாளாம்."