நிலைப்படி மோதிரம்

மலாய் மாநிலமான கெடாவில் பெண் கேட்டு வந்த வீட்டில், பாண்டான் இலைக் கேக் தட்டோடு வந்த சிறுமியின் கன்னத்தைக் கிள்ளினாள் மாப்பிள்ளையின் தாய் ரொக்கியா.

"எத்தனாவது படிக்கிற, குட்டி?"

சிறுமி சிரித்துக்கொண்டே தட்டை வைத்தாள்.

"சீக்கிரம் பெரியவளாகுடி. என் கடைசிப் பயலுக்கு உன்னையே கட்டி வைக்கிறேன்!"

கூடமே சிரித்தது. பெண்ணின் தாய் ஜமீலா மட்டும் தரையைப் பார்த்தாள்.

ரொக்கியா கைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்தாள். அக்கா இருக்கத் தங்கை முதலில் மணமாகிப் படி தாண்டினால், மாப்பிள்ளை வீட்டார் அக்காவுக்குப் போட வேண்டிய நிலைப்படி மோதிரம்.

"எங்க உங்க பெரியவ? இருபத்தேழு வயசாகியும் வீட்டோட கெடக்கிறாளே, அப்படி என்ன குறை? வெளிய காட்டவே மாட்டேங்கிறீங்க!"

சிறுமி வந்து விரலை நீட்டினாள்.

"உனக்கில்லடி, உங்க அக்காவுக்கு."

"பெரியவ நான்தான் மாமி. பொறவியிலேயே ரத்தக் கோளாறு, தலசீமியா. மாசாமாசம் ரத்தம் ஏத்தி ஏத்தி, உடம்புல இரும்பு சேந்து வளர்ச்சியே நின்னுபோச்சு."

போட்ட மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று உருண்டது.

"பெரியவளாகவே மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க கடைசிப் பையன் காத்திருப்பாரா, மாமி?"